பெங்களூருவில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

கடிகாரம் 12 அடிக்கும்போது பெங்களூருவில் உச்சிப்பொழுது, அதாவது சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் நேரம், வந்திருக்காது. நாளைப் பொறுத்து அது ஏறக்குறைய 12:03-லிருந்து 12:34 வரை தள்ளிப்போகும். இதைக் குழந்தைகளே கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள்.

டேங்க் நிழல் விழாத மொட்டைமாடியில் ஒரு பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, முழு சார்ட் பேப்பரை ஒட்டுங்கள். காகிதத்துக்கு மேலே சரியாக 30 செ.மீ. நிற்கும்படி குச்சியை நடுங்கள். நூலில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் குச்சி செங்குத்தா என்பது தெரிந்துவிடும். குளிர்காலத்தில் நிழல் வடக்கே விழும். ஆகவே குச்சி காகிதத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கட்டும்.

நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான். உச்சியை ஒட்டிய பத்து நிமிடத்தில் நீளம் ஒரு மி.மீ. கூட மாறாது, நிழல் நுனியின் மங்கலோ 3, 4 மி.மீ. இருக்கும், ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டம். அதனால் காலை 10:30-க்கு நுனியைக் குறித்து, குச்சியடியை மையமாக வைத்து அந்தப் புள்ளி வழியே நூலால் வில் வரையுங்கள். பிற்பகலில் நுனி அதே வில்லைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அது 2:02 வாக்கில் வரும். இரண்டு நேரத்துக்கும் நடு 12:16; அதுதான் உச்சி. இரண்டு புள்ளிகளின் நடுவையும் குச்சியடியையும் இணைக்கும் கோடு அசல் வடக்கு-தெற்கு. மாடித் தளத்தின் கம்பிகள் காந்த ஊசியைத் திருப்பிவிடலாம், இந்தக் கோட்டை ஒன்றும் செய்யாது.

இனிதான் சுவையான பகுதி. அதே நாளில் சென்னையிலுள்ள தாத்தா வீட்டு மாடியிலும் 30 செ.மீ. குச்சி நட்டு, போனில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு ஊரும் 13 பாகை அட்சரேகையை ஒட்டியவை. உச்சி நிழல் இரண்டிலும் ஏறக்குறைய 22 செ.மீ. ஆனால் சென்னையில் உச்சி சுமார் 11 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். தீர்க்கரேகை வித்தியாசம் 2.7 பாகை, ஒரு பாகை சுழல பூமிக்கு 4 நிமிடம். பெருக்கலைக் குழந்தையே போடட்டும்.

ஏப்ரல் 24 அல்லது 25-இல், 12:17 வாக்கில், பெங்களூருவில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால் குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் அப்படித்தான், ஆனால் அப்போது மேகம் அதிகம். அந்த நாட்களில் பார்ப்பதற்கு முன் நூலைத் தொங்கவிட்டு மறுபடி சரிபாருங்கள்: குச்சி ஒரு பாகை சாய்ந்தாலே 5 மி.மீ. நிழல் விழும்.