இங்கிலீஷ்ல கோவத்தைச் சொல்லும்போது நாம பண்ற தப்புங்க

ஆங்க்ரிங்கற சாதாரண வார்த்தையிலயே முதல் தப்பு ஆரம்பிச்சிடுது. "என் மேல கோவம்"ங்கறதை அப்படியே தூக்கி "ஆங்க்ரி ஆன் மீ"னு சொல்லிடறோம். ஆள் மேலன்னா ஆங்க்ரி வித், இல்ல ஆங்க்ரி அட். ஒரு விஷயத்தைப் பத்தின கோவம்னா ஆங்க்ரி அபவுட். "ஷவுட்டட் மீ"யும் இதே கேஸ்தான், நடுவுல அட் வரணும். ஆனா இதெல்லாம் வெறும் கிராமர், கேக்கறவங்களுக்கு எப்படியும் புரிஞ்சிடும்.

அர்த்தமே மாறிப்போறதுதான் ஆபத்து. "மேனேஜர் ஃபயர்டு மீ"னு நம்ம ஊர் ஆபீஸ்ல சொன்னா செம திட்டு விழுந்துச்சுன்னு புரிஞ்சுப்பாங்க, அதையே வெளிநாட்டு கிளையன்ட் கிட்ட சொன்னீங்கன்னா உங்க வேலையே போயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க, அதனால "யெல்டு அட் மீ"ன்னே சொல்லுங்க. அதே மாதிரி "ஹீ இஸ் வெரி ஹாட்"னா ஆள் பாக்க கவர்ச்சியா இருக்காருன்னு அர்த்தம். கோவக்காரர்னா ஹாட் டெம்பர்டு. "ஐ ஆம் ஷார்ட் டெம்பர்"னு பயோல போடறவங்களும் தயவுசெஞ்சு டெம்பர்டுன்னு மாத்திடுங்க.

ஊருக்கு ஊர் மாறறதும் இருக்கு. பிஸ்ட்னா அமெரிக்கால செம கடுப்பு, பிரிட்டன்ல ஃபுல் போதை. பின்னாடி ஆஃப் சேர்த்தா ரெண்டு இடத்துலயும் கோவம்தான், ஆனா ரெண்டு இடத்துலயும் கொச்சை, ஆபீஸ் மெயில்ல வேணவே வேணாம். மேட்னா அமெரிக்காக்காரங்களுக்கு கோவம், பிரிட்டன்ல பைத்தியம்னுதான் முதல்ல தோணும்.

அப்புறம் அளவு. லேசான எரிச்சலுக்கு அனாய்டு, அதுக்கு மேல ஆங்க்ரி, உச்சத்துல ஃபியூரியஸ், லிவிட். லிவிட் லத்தீன்ல இருந்து வந்தது, அடிபட்டு கன்னிப்போன இடத்துல தெரியுமே ஒரு நீலம், அதுதான் பழைய அர்த்தம். உச்ச வார்த்தைக்கு முன்னாடி வெரி போடாதீங்க, "வெரி ஃபியூரியஸ்" காதுக்கு ஒட்டாது, "அப்சல்யூட்லி ஃபியூரியஸ்"தான் சரி. அவுட்ரேஜ்டு தனி ரகம், அநியாயத்தைப் பாத்து பொங்கி வர்ற ஆத்திரம் அது, பஸ் லேட்டானதுக்கெல்லாம் அதைச் செலவழிக்காதீங்க.

பார்சல் வரலன்னு கம்ப்ளெய்ன்ட் எழுதும்போது நிறைய பேர் எடுத்த எடுப்பிலேயே ஃபியூரியஸ் போட்டுடறாங்க, அப்புறம் ரெண்டாவது மெயிலுக்கு ஏத்தறதுக்கு வார்த்தையே இருக்காது. என்னைக் கேட்டா முதல் மெயில்ல "எக்ஸ்ட்ரீம்லி டிஸப்பாயின்டட்" போட்டு, ஆர்டர் நம்பரும் தேதியும் சேத்து அனுப்புங்க, இங்கிலீஷ் கம்ப்ளெய்ன்ட் லெட்டர்ல அதுவே நல்ல காட்டமான வார்த்தைதான்.