ராப் பாடகர்களும் டர்ன்டேபிள் கலைஞர்களும் ஒரே மேடையில்: நேரடி நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

ஒரே இரவில் நான்கைந்து ஹிப் ஹாப் கலைஞர்கள் அடுத்தடுத்து மேடையேறும் நிகழ்ச்சிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், அரங்கினுள் நுழைந்ததும் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு கடைசி வரை அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ராப் பாடகர்கள் மட்டுமே பாடும் நிகழ்ச்சி என்றால் அதில் பெரிய இழப்பு இல்லை. பாடகர்களுக்கு நடுவே இசைத்தட்டையே இசைக்கருவியாக வாசிக்கும் டர்ன்டேபிள் கலைஞர்களும் இடம்பெற்றிருந்தால், ஒரே இடத்தில் நிற்பவருக்கு நிகழ்ச்சியில் பாதிதான் கிடைக்கும். ராப் முதலில் காதுக்கானது. டர்ன்டேபிள் கலையோ வாசிப்பவரின் கைகளைப் பார்த்தால்தான் முழுமையாகப் பிடிபடும். ஆகவே யாருக்கு எங்கே நிற்பது, யாருடைய நிகழ்ச்சியில் எதைக் கவனிப்பது, எதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

முதல் வேலை, விளம்பரத்தில் உள்ள பெயர்களைப் பிரித்தறிவது. டிஜே என்ற அடைமொழியோடு வரும் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிலர் மக்கள் ஆடுவதற்காகப் பாடல்களைத் தொடர்ச்சியாக ஒலிக்கவிடுவார்கள். சிலர் ராப் பாடகருக்குப் பின்னால் நின்று தாளத்தை வழங்குவார்கள். வேறு சிலர் தட்டைக் கையால் அசைத்து ஒலியெழுப்பும் ஸ்க்ராட்ச், இரண்டு தட்டுகளிலிருந்து புதிய தாளம் அமைக்கும் பீட் ஜக்லிங் ஆகியவற்றை மட்டுமே கொண்டு தனிக் கச்சேரி செய்வார்கள். கலைஞரின் பழைய மேடைக் காணொளி ஒன்றைச் சில நிமிடங்கள் பார்த்தாலே அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது விளங்கிவிடும். ஒரு பாடகரின் பின்னணியில் நிற்பவரைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள். போட்டிகளில் வென்ற கைதேர்ந்த கலைஞராக அவர் இருக்கக்கூடும். டர்ன்டேபிள் கலைஞர் மிக்ஸ் மாஸ்டர் மைக் 1998-ஆம் ஆண்டு முதல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவோடு மேடையேறியபோது, அவரைப் பார்ப்பதற்கென்றே வந்த ரசிகர்களும் இருந்தார்கள்.

இந்தக் கலையில் டிஜே பின்னணிக்குப் போனது பிற்பாடு நடந்த மாற்றம் என்பதை நினைவில் வைத்தால், மேடையைப் பார்க்கும் பார்வையே சற்று மாறும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டதிலிருந்தே ஹிப் ஹாப் வரலாறு பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பிரேக் என்ற சிறு பகுதிக்காகவே ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கண்ட அவர், அந்தப் பகுதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் நீட்டித்து வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இசைத்தட்டின் மேல் மெழுகுக் குச்சியால் குறியிட்டு, எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் கண்ணாலேயே அளந்து, அந்த முறையைத் துல்லியமாக்கினார். 1970-களின் நடுப்பகுதியில் கிராண்ட் விசார்ட் தியோடர் ஸ்க்ராட்சைக் கண்டெடுத்தார். மைக்கைப் பிடித்தவர் அப்போது கூட்டத்தை உற்சாகப்படுத்தும் துணைவர் மட்டுமே. இன்றும் சில கலைஞர்கள் தட்டின் நடுவே ஒட்டும் சிறிய வண்ணத்தாள்கள் அந்த மெழுகுக் குறியின் வழிவந்தவை. முன்வரிசையில் நின்றால் அவை சுழல்வதைப் பார்க்கலாம்.

நிகழ்ச்சிக்கு முன் காதைச் சற்றுப் பழக்கிக்கொள்வது மிகுந்த பலன் தரும். எல்லா ஸ்க்ராட்ச் வகைகளையும் கற்க வேண்டியதில்லை. நான்கைந்தை இனங்கண்டால் போதும். ஒலியைத் திறக்கவும் மூடவும் உதவும் சிறிய நகர்த்தியான ஃபேடரைத் தொடாமல் தட்டை முன்னும் பின்னும் அசைப்பது பேபி ஸ்க்ராட்ச். எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். தட்டின் ஒவ்வொரு அசைவின் முனையிலும் ஃபேடரை மூடித் திறந்தால் பறவை கீச்சிடுவது போன்ற சிர்ப் கிடைக்கும். ஃபேடரை மூடிவைத்து, இடையிடையே திறப்பது டிரான்ஸ்ஃபார்மர்; இதற்கு நேர்மாறாக, திறந்த நிலையில் ஓடும் ஒலியை நடுநடுவே வெட்டுவது ஃபிளேர். கிராப் என்பதில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டைவிரலுக்கு எதிரே ஃபேடரைத் தட்டிச் செல்வதால், ஒரே இழுப்பில் ஒலி மூன்று நான்கு துண்டுகளாக உடையும். இவற்றைக் கேட்டுப் பழகுவதற்கு ஒரு வசதியும் உண்டு. ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி 1982-இல் வெளியிட்ட ‘சேஞ்ச் தி பீட்’ இசைத்தட்டின் பின்பக்கத்தில், மின்னணுக் கருவியால் மாற்றப்பட்ட ஒரு குரல் சொல்லும் ‘ஆ’, ‘ஃப்ரெஷ்’ என்ற இரண்டு ஒலிகளைத்தான் ஏராளமான கலைஞர்கள் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். மூலப்பொருள் ஒன்றே என்பதால், ஒரே இரவில் மூன்று பேர் அதே ஒலியை வாசிக்கும்போது அவர்களின் கைத்திறனில் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பீட் ஜக்லிங் சற்றுக் கடினமானது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இருபுறமும் வைத்து, ஒன்றிலிருந்து பெரிய டிரம்மின் அடியையும் மற்றொன்றிலிருந்து ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் அடியையும் மாற்றி மாற்றி எடுத்து, தட்டில் இல்லாத புதிய தாளத்தை உருவாக்குவார்கள். கலைஞர் வழக்கமாக மூலத் தாளத்தைச் சிறிது நேரம் அப்படியே ஓடவிட்ட பிறகே உடைக்கத் தொடங்குவார். அந்தச் சில வினாடிகளில் தாளத்தை விரலால் தட்டி மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னர் அவர் எங்கே விலகுகிறார், எப்படித் திரும்பி வந்து சேர்கிறார் என்பதைத் தொடர முடியும். அந்த இடத்தில் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அடுத்து வருவதெல்லாம் வெறும் சத்தமாகவே தோன்றும்.

குழுவாக வாசிப்பவர்களைப் பார்ப்பதற்கு வேறொரு வழி உண்டு. எக்ஸ்-எக்ஸிகியூஷனர்ஸ், இன்விசிபிள் ஸ்க்ராட்ச் பிக்கல்ஸ், 2003 முதல் 2006 வரை டிஎம்சி என்ற டிஜே போட்டியின் உலகக் குழுப் பட்டத்தைத் தொடர்ந்து வென்ற பிரெஞ்சுக் குழுவான சி2சி போன்றவர்களின் முறையில், ஒருவர் டிரம் ஒலியையும் இன்னொருவர் பாஸ் ஒலியையும் மற்றொருவர் முதன்மை மெட்டையும் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். நால்வரையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் எதுவும் நிற்காது. முதலில் டிரம் ஒலியைத் தருபவர் யார் என்று கண்டுபிடித்து அவரையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், மற்றவர்களின் பங்கு தானாகத் தெளிவாகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரமே. டர்ன்டேபிள் கலைஞர்களை முதலிலோ இரண்டு பாடகர்களுக்கு இடையிலோ நிறுத்துவது அமைப்பாளர்களின் வழக்கம். ஆகையால் கடைசியாக வரும் பெரிய பெயருக்காக மட்டும் தாமதமாகச் செல்பவர்கள் அவர்களைப் பார்க்காமலேயே திரும்புவார்கள். இரண்டு மேடைகளில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி நடந்து, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், என் பரிந்துரை தெளிவானது: புகழ்பெற்ற பாடகரின் நீண்ட நிகழ்ச்சியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள், டர்ன்டேபிள் கலைஞரின் குறுகிய நிகழ்ச்சியை முழுவதும் பாருங்கள். டிஎம்சி உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பதே 6 நிமிடங்கள்தான். அந்த மரபில் வளர்ந்தவர்கள் ஒவ்வொரு வினாடியையும் முன்கூட்டியே கோத்து வைத்திருப்பதால், பாதியில் நுழைபவருக்குத் தொடக்கமும் முடிவும் பொருந்திவரும் அழகு கிடைக்காது.

எங்கே நிற்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராப் பாடகருக்கு ஏற்ற இடம், அரங்கின் நடுவே ஒலிக் கலவை மேசை இருக்குமிடத்துக்கு அருகில் உள்ளது. ஒலிப் பொறியாளர் அங்கிருந்து கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார் என்பதால், சொற்கள் தெளிவாக விழும் இடமும் அதுவே. சுவரோரங்களிலும் மூலைகளிலும் தாழ்ந்த அதிர்வெண்கள் குவிந்து பாஸ் பெருகிவிடுவதால், அங்கே சொற்கள் குழம்பும். மேடைக்கு ஒட்டிய முன்வரிசையில் பாடகரின் முகம் நன்றாகத் தெரியும்; ஆனால் இருபுறமும் உள்ள பெரிய ஒலிபெருக்கிகளின் நேர்வீச்சு அங்கே சரியாகச் சேராமல், வரிகள் காதில் விழாமல் போவதுண்டு.

டர்ன்டேபிள் கலைஞருக்கு மேடையை நோக்கி நகர வேண்டும். ஆனால் ஒட்டி நிற்கக் கூடாது. மேடை உயரமாக இருந்தால் மேசையின் விளிம்பு கைகளை மறைத்துவிடும். ஐந்தாறு வரிசை பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நின்றால் தட்டும், ஃபேடர் அமைந்த மிக்சர் கருவியும் கண்ணில் படும். மாடி இருக்குமானால், அதன் முன்விளிம்பை விடச் சிறந்த இடம் இல்லை. மேலிருந்து கைகளைப் படம்பிடித்துத் திரையில் காட்டும் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிக் கலைஞர்கள் டர்ன்டேபிளைக் கால் சுற்று திருப்பி வைப்பார்கள். ஊசி பொருத்திய கரம் அப்போது தங்களுக்கு எதிர்ப்புறம் போய்விடுவதால் கைகள் தடையின்றி அசையும். எந்தக் கை தட்டில் இருக்கிறது, எந்தக் கை ஃபேடரில் இருக்கிறது என்பதை முதல் நிமிடத்திலேயே கண்டுகொண்டு, ஃபேடர் கையைத் தொடர்ந்து பாருங்கள். புதியவர்களின் பார்வை இயல்பாகத் தட்டை அசைக்கும் கைக்கே போகும். நுட்பமோ பெரும்பாலும் சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும் ஃபேடரில் இருக்கிறது.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் அறிந்திருப்பது உதவும். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 மாதிரி 1972-இலும், மேடைகளில் நிலையான இடம்பிடித்த அதன் எம்கே2 வடிவம் 1979-இலும் வெளிவந்தன. மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றுவதால், கையால் பின்னுக்கு இழுத்தாலும் விட்டவுடன் அது வேகத்தை எட்டிப்பிடிக்கும். பெல்ட்டால் சுழலும் கருவிகளில் இது எளிதல்ல. இன்று பலர் மடிக்கணினியோடு வருவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் தேவையற்றது. மென்பொருளுக்கான சிறப்பு இசைத்தட்டில் பாடலுக்குப் பதிலாக ஒரு குறியீட்டு ஒலி பதிந்திருக்கும். ஊசி அதைப் படித்து, தட்டின் வேகம், திசை, இடம் ஆகியவற்றைக் கணினிக்குச் சொல்கிறது. கை செய்யும் வேலை மாறுவதில்லை. மேடையை ஒட்டிக் குதிப்பதும், டர்ன்டேபிள் வைத்த மேசையின் மேல் சாய்வதும் எந்த முறையிலும் தொல்லைதான். அதிர்வால் ஊசி பள்ளம் மாறித் தாவிவிடும். அப்படித் தாவினாலும் தேர்ந்த கலைஞர் தாளம் விடாமல் அடுத்த தட்டைக் கொண்டு சமாளித்துவிடுவார். ஒத்திகை செய்த நிகழ்ச்சியில் ஒத்திகை செய்யாத திறமை வெளிப்படும் அரிய நேரம் அது என்பதால், எனக்கு அதைப் பார்ப்பதில் தனி விருப்பம் உண்டு.

பாடகரின் நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது மூச்சு. பின்னணியில் ஓடும் ஒலிப்பதிவில் அவருடைய குரலும் சேர்ந்திருந்தால், அவர் மைக்கை இறக்கினாலும் சொற்கள் தொடர்ந்து ஒலிக்கும். தாளம் மட்டுமே ஓடினால், நீண்ட வரிகளின் முடிவில் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், உடன் பாடுபவர் எந்தச் சொல்லை ஏந்திக்கொள்கிறார் என்பது கேட்கும். டிஜே திடீரென்று தாளத்தை நிறுத்தி, குரலைத் தனியே விடும் இடங்களைத் தவறவிடாதீர்கள்.

கேள்வியாகவும் பதிலாகவும் கூட்டத்தைக் கூவச் சொல்வது ஹிப் ஹாப் மேடையின் பழைய மரபு; அதில் கூச்சமின்றிக் கலந்துகொள்ளலாம். ஸ்க்ராட்ச் தனி வாசிப்பின்போதும், நல்ல நுட்பம் ஒன்று வெளிப்பட்ட உடனேயே ஆரவாரம் செய்யலாம். தரையில் ஆடுபவர்கள் சைஃபர் என்னும் வட்டத்தை அமைத்தால் இடம்விட்டு விலகி நில்லுங்கள். ஒருவர் ஆடி முடிப்பதற்குள் குறுக்கே நுழைவது அவமதிப்பாகக் கருதப்படும்.

பல கலைஞர்கள் பாடும் இரவு நீளமானது என்பதால், காதைக் காப்பது இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள் மட்டுமே. எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், இசை கேட்பதற்கென்றே செய்யப்பட்ட காதடைப்பான்களை வாங்குங்கள். மலிவான நுரை அடைப்பான்கள் உயர்ந்த ஒலிகளை அதிகம் விழுங்குவதால், ஃபேடரின் கூர்மையான வெட்டுகள் மங்கிப்போகும். மேடை மாறும் இடைவேளைகளில் வெளியே சென்று காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் விற்பனை மேசையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பேட்டில் ரெக்கார்டு எனப்படும், ஸ்க்ராட்ச் செய்வதற்கேற்ற ஒலித்துண்டுகளை மட்டும் தொகுத்த தட்டுகளைக் கலைஞர்களே அங்கே விற்பதுண்டு. கடைகளில் அவை எளிதில் கிடைப்பதில்லை. சற்று முன் மேடையில் கேட்ட ஒலி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால், நேரமிருக்கும் கலைஞர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். வாங்கிய தட்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் சிறிது நேரம் விட்டாலும் அது வளைந்துவிடும்.