விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸ்: எங்கே கோட்டை விடுகிறோம்?

லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸ் திறக்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் தவறு பென்டிரைவைச் செருகும் முன்பே நடந்திருக்கும். விண்டோஸை அதற்குத் தயார்படுத்தாமலே வேலையைத் தொடங்கியிருப்போம். முக்கியக் கோப்புகளின் நகல் தனி வட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

பலரும் கவனிக்காமல் விடுவது, வட்டில் இருப்பதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை. விண்டோஸ் 11 உடன் வரும் மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு மறையாக்கம் தானாக இயங்கிவிடும். கணினிக்குச் சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது. மறையாக்கத்தைத் திறக்கும் சாவி கணினிக்குள் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லிடம் இருக்கிறது. கணினி வழக்கம்போலத் தொடங்கினால்தான் சில்லு அதைக் கொடுக்கும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் கிரப் மெனு விண்டோஸுக்கு முன்னால் வந்தாலோ பிட்லாக்கர் சந்தேகப்பட்டு, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் உங்கள் கோப்புகளை மீட்டுத் தர முடியாது. ஆகவே முதல் வேலையாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதையும் அதே கணினியில் சேமிப்பது, சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவதற்குச் சமம். பிறகு செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை (இந்த மறையாக்கத்தை) அணைத்து, அது முழுதாக நீங்கும்வரை காத்திருங்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுக்கிறோம், விளக்கு அணைகிறது, விசிறி நிற்கிறது. ஆனால் விண்டோஸ் தன் கெர்னலின் (மையப் பகுதியின்) நிலையை ஒரு கோப்பில் எழுதிவிட்டு உறங்கத்தான் செய்திருக்கிறது. சி டிரைவை அது இன்னும் கைவிடவில்லை. அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. வலுக்கட்டாயமாக எழுதினால், மறுபடி எழும் விண்டோஸ் தன் பழைய நினைவை நம்பி அதன்மேல் எழுதும், கோப்புகள் சிதையும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள். நிம்மதியாகப் புழங்க 60 ஜிபியாவது கொடுங்கள். நிறைய இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத பேஜ் ஃபைலோ (நினைவகத்துக்குத் துணையான கோப்பு), ஹைபர்நேஷன் கோப்போ (உறங்கும்போது நிலையை எழுதி வைக்கும் கோப்பு) நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தில் புதிய டிரைவ் உருவாக்காதீர்கள், அன்அலகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்) ஆகவே விடுங்கள்.

பென்டிரைவ் 8 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் போன்ற கருவியால் அதில் எழுதுங்கள். உடனே நிறுவாமல், லைவ் முறையில் (பென்டிரைவிலிருந்தே இயக்கி) வைஃபை, ஒலி, டச்பேட் வேலை செய்கின்றனவா என்று ஒரு நாளாவது ஓட்டிப் பாருங்கள்.

நிறுவும்போது மிக ஆபத்தான இடம் வட்டைப் பிரிக்கும் திரை. அங்கே பெயர்களைப் பார்த்தால் குழம்பும், அளவுகளைப் பாருங்கள்: 100 எம்பி சுமாரில் ஒரு ஃபேட்32 பகுதி, 16 எம்பியில் ஒன்று, பெரிய என்டிஎஃப்எஸ் ஒன்று (சி டிரைவ்), கடைசியில் சில நூறு எம்பியில் ரிக்கவரி. முதலில் சொன்ன அந்தச் சிறிய ஃபேட்32 பகுதிதான் இஎஃப்ஐ. விண்டோஸைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும், ஆனால் ஃபார்மேட் டிக் மட்டும் விழவே கூடாது. 'எரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு முழு வட்டையும் துடைத்துவிடும்.

அந்தத் திரையில் வட்டே தெரியவில்லையா? வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி இயங்கிக்கொண்டிருக்கலாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) நேரடியாக ஏஹெச்சிஐ என்ற வழக்கமான வட்டு முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தபின் அந்த அமைப்பை நீக்குங்கள். அதேபோல், விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இருந்தால் பென்டிரைவையும் யுஇஎஃப்ஐயிலேயே தொடங்க வேண்டும்.

நிறுவிய பின் கிரப் மெனுவில் விண்டோஸ் பெயர் இல்லையென்றால் பதற வேண்டாம். கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். கணினியின் பூட் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறந்து பாருங்கள், அது அங்கேயே இருக்கும். கடிகாரம் மாறி மாறித் தவறாகக் காட்டினால், லினக்ஸ் வன்பொருள் நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்றும் விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றும் எடுத்துக்கொள்வதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

லினக்ஸ் பிடிக்கவில்லை என்று அதன் பகுதியை முதலில் அழிப்பவர்கள், அடுத்தமுறை கருப்புத் திரையில் கிரப் என்ற எழுத்தோடு மாட்டிக்கொள்கிறார்கள். கிரப்பின் தொடக்கக் கோப்பு இஎஃப்ஐ பகுதியில் இருக்க, அது தேடும் மீதிக் கோப்புகள் அழிந்த பகுதியோடு போய்விட்டன. முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு லினக்ஸ் பகுதிகளை அழித்து, சி டிரைவை நீட்டிக்கொள்ளலாம். இஎஃப்ஐயில் மிஞ்சும் உபுண்டு ஃபோல்டர் சில எம்பிதான், கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.