மெட்டுக்கு மெட்டு: மலைமுகட்டை வட்டமாகச் சுற்றி நடக்கத் திட்டமிடுவது எப்படி?

தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் போல நிற்கும் மலைத்தொடரின் மறுபக்கத்தில், கேரளத்தின் சூரியநெல்லியில் இருந்து இதை எழுதுகிறேன். மலையேற்றம் என்றால் உச்சிக்குப் போய் அதே வழியில் இறங்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். முகட்டைச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்ட நடை அதிலிருந்து வேறுபட்டது. ஏறி இறங்கும் நடையில் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். கடந்து வந்த பாதையே திரும்பும் பாதை. வட்டத்தில் பாதியை எட்டிவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஏறத்தாழ ஒரே தூரம், முன்னால் இருப்பதோ பார்த்திராத பாதை. எனவே, எங்கே நிறுத்துவது என்ற முடிவை மலையில் களைத்து நிற்கும்போது எடுக்காமல், வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

முதலில் வட்டத்தை வரைபடத்தில் வரையுங்கள். போடிப் பக்கத்து மலையடிவார ஊரான குரங்கணியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறி, முகட்டை ஒட்டித் தெற்கு நோக்கி மீசைப்புலிமலைப் பக்கம் நடந்து, கொழுக்குமலையை அடைந்து, மீண்டும் குரங்கணிக்கு இறங்குவதாக ஒரு வட்டத்தைக் கற்பனை செய்யலாம். டாப் ஸ்டேஷன் சுமார் 1,880 மீட்டர்; மீசைப்புலிமலை 2,640 மீட்டர். இரண்டு ‘ஸ்டேஷன்’ பெயர்களிலேயே பழைய பாதையின் கதை இருக்கிறது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் கொண்டுவந்த தேயிலையைக் கம்பிவட ஊர்தியில் ஏற்றிக் கீழே கொட்டகுடிக்கு அனுப்பிய மேல்முனைதான் டாப் ஸ்டேஷன். இடையில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது.

இதை நான் பயிற்சிக்கான எடுத்துக்காட்டாகவே சொல்கிறேன், இப்படியே கிளம்பிவிடாதீர்கள். இந்த வட்டம் இரண்டு மாநிலங்களின் காடுகளையும் தேயிலைத் தோட்டங்களையும் கடக்கிறது. தமிழகத்தில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018இல் தனி விதிகள் வந்தன. கேரளப் பக்கத்தில் மீசைப்புலிமலை நடையைக் கேரள வன மேம்பாட்டுக் கழகம் மூணாற்றிலிருந்து நடத்துகிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். எந்தத் துண்டுக்கு அனுமதி கிடைக்கிறதோ அதை மட்டும் நடங்கள். முழு வட்டத்துக்கும் கிடைக்கவில்லை என்றால், அனுமதியுள்ள துண்டுகளை வெவ்வேறு நாள்களில் நடந்து பழகுவதே தொடக்கநிலையினருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, வட்டத்தைத் துண்டுகளாக வெட்டுங்கள். எங்கள் பக்கத்தில் மலையைக் கடக்கும் தாழ்வான வாயிலை ‘மெட்டு’ என்போம்: போடிமெட்டு, கம்பம்மெட்டு. முகட்டில் இரண்டு உயரங்களுக்கு நடுவே வரும் ஒவ்வொரு தாழ்வும் ஒரு மெட்டுதான். உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தில் மணற்கடிகாரம் போல இடுங்கிய வடிவமாக அதைக் கண்டுபிடிக்கலாம். அங்கிருந்து ஊருக்கோ தோட்டத்துக்கோ சாலைக்கோ பாதை இறங்குகிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்குவழி உள்ள மெட்டுகளே உங்கள் வட்டத்தின் கதவுகள். இரண்டு கதவுகளுக்கு இடையே நாலைந்து மணி நேர நடை இருந்தால், அந்த வட்டம் முதல்முறை நடப்பவருக்கு ஏற்றதல்ல.

பிறகு நேரக் கணக்கு. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். டாப் ஸ்டேஷனுக்கும் மீசைப்புலிமலைக்கும் உயர வேறுபாடு 760 மீட்டர் என்பதால், தூரத்தைச் சேர்க்காமல் ஏற்றத்துக்கு மட்டுமே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இடையில் இறங்கி ஏறும் மேடுகள் இதைக் கூட்டும். நைஸ்மித்தின் கணக்கு பழகிய கால்களுக்கானது. புதியவர்கள் வரும் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் இங்கே மாலை 6 மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. 4 மணிக்குள் கடைசி இறக்கம் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு மெட்டுக்கும் ‘இந்த நேரத்துக்குள்’ என்று ஒரு நேரத்தைத் தாளில் எழுதுங்கள். அந்த நேரம் தாண்டியிருந்தால் அந்தக் கதவு வழியாக இறங்கிவிட வேண்டும், விவாதம் கூடாது. ஒருமுறை நாங்கள் அரைமணி நேரத் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து நடந்தோம். மூடுபனி இறங்கி, புல்மேட்டில் ஒற்றையடிப் பாதை எது, காட்டுமாடு நடந்த தடம் எது என்று பிரித்தறிய முடியாமல் ஒரு மணி நேரம் பாறையோரம் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து தாளில் எழுதியதை மீறுவதில்லை.

எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் அழகுக்காகத் தீர்மானிப்பதல்ல. இந்த மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. உலர்ந்தது, காலையிலிருந்தே வெயில் அடிப்பது. மேற்குச் சரிவு ஈரமானது. பிற்பகலில் அங்கே பனி கூடிவிடும். ஆகவே, மரநிழல் உள்ள பாதையில் காலையில் ஏறி, திறந்த முகட்டை நண்பகலுக்குள் கடந்து, கிழக்குச் சரிவில் மலையின் நிழல் விழத் தொடங்கும் பிற்பகலில் இறங்குவது நல்லது. யானை நடமாடும் காடு என்பதால் விடியுமுன் புறப்படாதீர்கள். வழிகாட்டி சொல்லும் நேரமே நேரம். சோலையும் புல்மேடும் சந்திக்கும் விளிம்பில் சத்தமின்றி நின்று பார்த்த பிறகே அடியெடுத்து வையுங்கள். காட்டுமாடுகள் அங்கேதான் மேயும்.

பருவத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தப் புல்மேடுகளில் நடக்கவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது வேகம் பலமடங்காகும், ஏனென்றால் சுடர் தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. எனவே தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுவது மிக ஆபத்தானது. வெறும் பாறையோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய தரையோ பக்கவாட்டில் இருந்தால் அங்கே போக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வழுக்கலும் அட்டையும் மிகுதி. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவின் ஓடைகளைத் திடீரென நிரப்பும். மழை ஓய்ந்து புல் இன்னும் பச்சையாக இருக்கும் டிசம்பர் இறுதியும் ஜனவரியும் எனக்குப் பிடித்த காலம். குளிர் கடுமையாக இருக்கும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பதால், போடியில் வியர்த்த சட்டை முகட்டில் உடலை நடுக்கும்.

மூட்டையில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, நெற்றி விளக்கு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அட்டைக்கு உப்பு ஆகியவை இருக்கட்டும். அலைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கோபுரச் சமிக்ஞை இல்லாமலும் இருப்பிடம் காட்டும், மின்கலமும் தாங்கும்.

கடைசியாக, மெட்டு நேரங்கள் எழுதிய அதே தாளின் ஒரு படியைக் கீழே இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். மாலை 7 மணிக்குள் நீங்கள் அழைக்காவிட்டால் அவர் வனச்சரக அலுவலகத்துக்கும் அவசர உதவி எண் 112க்கும் தகவல் சொல்ல வேண்டும். எந்தக் கதவு வரை தேட வேண்டும் என்பதை அந்தத் தாளே அவர்களுக்குக் காட்டும். பாதியிலேயே வேறு மெட்டு வழியாக இறங்கி மறுபக்க ஊருக்குப் போய்விட்டால், தேநீர் குடிப்பதற்கு முன் அவரை அழைத்துவிடுங்கள்.