ஒரே விண்ணப்பம், இரண்டு துறை: ரெசிடென்சிக்கு அனுபவத்தை எழுதுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு (டாக்டர் படிப்புக்குப் பிறகு ஒரு துறையில் எடுக்கும் பயிற்சிக்கு) மனு செய்யப் போகிறீர்கள், ஆசை சர்ஜரி மேல், கிடைக்காவிட்டால் ஃபேமிலி மெடிசின் (குடும்ப மருத்துவம்). சரி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரெசிடென்சிக்கு மனு செய்யும் ஈராஸ் (ERAS) என்ற ஆன்லைன் விண்ணப்பத்தில் அனுபவப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான். துறைக்கு ஒன்றாக மாற்றி அனுப்ப வழியில்லை, சமர்ப்பித்த பிறகு திருத்தவும் முடியாது. மொத்தம் 10 அனுபவங்கள், ஒவ்வொன்றுக்கும் 750 எழுத்து. அதில் 3-ஐ மிக முக்கியமானவை என்று குறித்தால் அவற்றுக்கு மட்டும் இன்னொரு 300 எழுத்து.

அதனால் பட்டியலில் துறைப் பெயரைச் சொல்லி உருகாதீர்கள். ‘அன்றுதான் சர்ஜன் ஆவது என்று முடிவெடுத்தேன்’ என்ற வரியைப் படிக்கிற ஃபேமிலி மெடிசின்காரர் உங்களை ஏன் கூப்பிடப் போகிறார்? அந்த வரிக்கு இடம் பெர்சனல் ஸ்டேட்மெண்ட், அதாவது ஏன் இந்தத் துறை என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதும் கட்டுரை. அதை இரண்டாக எழுதி, எந்த புரோகிராமுக்கு (பயிற்சி தரும் இடத்துக்கு) எது என்று நீங்களே ஒதுக்கலாம். (ஒதுக்கியதை இன்னொருவரை விட்டு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், மாறிப் போனால் மானம் போகும்.) பட்டியலில் செய்த வேலை மட்டும் இருக்கட்டும்.

சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ஆபீசராக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ‘பலதரப்பட்ட நோயாளிகளைக் கவனித்தேன், குழுவாக வேலை செய்யக் கற்றேன்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் உள்ளங்கையில் முள் ஏறி, வீட்டிலேயே மஞ்சள் பத்துப் போட்டுப் பார்த்து, கை பொம்மென்று வீங்கிய பிறகு வருவாரே, அதை எழுதுங்கள். கீறி முள்ளை எடுத்தீர்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தீர்கள், ஈப்போவுக்கு அனுப்புவதா இங்கேயே பார்ப்பதா என்று முடிவெடுத்தீர்கள், ஒருநாள் சம்பளம் போகுமே என்று கட்டு மாற்ற வராமல் இருந்தவரைப் போன் போட்டு வரவழைத்தீர்கள். இதில் சர்ஜரிக்காரருக்கும் தேவையானது இருக்கிறது, ஃபேமிலி மெடிசின்காரருக்கும் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, அரை வரியில் சொல்லிவிடுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் வேண்டாம். மேலதிகாரி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் செய்ததை, தனியாகச் செய்ததுபோல எழுதவும் வேண்டாம். இண்டர்வியூவில் தோண்டிக் கேட்பார்கள்.

அந்த 3-ஐத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசிக்க வேண்டும். மூன்றுமே ஆப்பரேஷன் தியேட்டர் என்றால் இரண்டாவது துறை ஒப்புக்குச் சேர்த்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், ஒன்று சர்ஜரி பக்கம் சாயட்டும், ஒன்று தொடர்ந்து ஒரே நோயாளிகளைப் பார்த்த வேலையாக இருக்கட்டும், மூன்றாவது மேலே சொன்ன மாதிரி இரண்டுக்கும் பொதுவானது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் முதலுதவிக் கூடாரத்தில் நின்றதெல்லாம் பத்துக்குள் தாராளமாக வரலாம், ஆனால் ஒருநாள் சேவையை அந்த மூன்றில் வைக்காதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் 4. ‘இவர் அருமையான சர்ஜன் ஆவார்’ என்று முடிகிற கடிதத்தை ஃபேமிலி மெடிசினுக்கு ஒதுக்கினால் ஸ்டேட்மெண்டில் பட்ட பாடெல்லாம் வீண். அந்தத் துறை டாக்டர் ஒருவரிடமாவது தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இண்டர்வியூவில் ‘வேறு துறைக்கும் மனு செய்திருக்கிறீர்களா’ என்று கேட்டால் மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டு, இந்தத் துறையில் எந்த வேலை பிடித்திருக்கிறது என்பதற்குப் போய்விடுங்கள். கடைசியில் ரேங்க் லிஸ்ட், அதாவது எந்த புரோகிராம் முதலில் வேண்டும், எது அடுத்து என்று நீங்கள் கொடுக்கும் வரிசை. அதில் இரண்டு துறையையும் ஒரே பட்டியலில் கலந்து போடலாம். உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசையிலேயே போடுங்கள்; யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்யும் மேட்ச் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது, சர்ஜரியை மேலே வைத்ததால் கீழே இருக்கும் ஃபேமிலி மெடிசின் இடத்துக்கான வாய்ப்பு குறையாது.