வீட்டுக்குப் பழைய ஏணி: எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது

மின்விசிறியைத் துடைக்கவும், பரணிலிருந்து அண்டாவை இறக்கவும், எரியாத டியூப்லைட்டை மாற்றவும் ஆண்டில் சில முறை மட்டுமே தேவைப்படும் ஏணிக்குப் புது விலை கொடுக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுகிறார்கள். அந்த வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் அவர்களும் அதே போல ஏறுகிறார்கள். நல்ல அலுமினிய ஏணி வீட்டு உபயோகத்தில் எளிதில் தேய்வதில்லை என்பதால், ஒருவர் பயன்படுத்திய ஏணியைக் குறைந்த விலைக்கு வாங்குவது இதற்குச் சரியான வழி. ஆனால் பழைய ஏணியின் குறைகள் இரண்டு வகைப்படும். சில, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிறு உதிரியை மாட்டினால் தீர்ந்துவிடும். சிலவற்றை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. முதல் வகைக் குறை இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். இரண்டாம் வகைக் குறை இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளத் தெரிந்தவருக்கே பழைய ஏணி லாபம்.

தேடத் தொடங்குமுன் வீட்டை அளந்துகொள்ள வேண்டும். நம் ஊர் வீடுகளில் மேற்கூரை பெரும்பாலும் பத்து அடி உயரத்தில் இருக்கும். மின்விசிறியின் இறக்கை ஏறக்குறைய ஒன்பது அடியில் சுழலும். பரண் பொதுவாகக் கதவு நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் தொடங்கும். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் கையை உயர்த்தினால் ஏறத்தாழ ஆறரை அடி எட்டும். ஆகவே விசிறியின் இறக்கையை மேலிருந்து துடைக்க அவர் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் நிற்க வேண்டும். வீட்டு மடக்கு ஏணிகளில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே முக்கால் அடி அளவுக்கு இடைவெளி இருப்பதால், நான்கு படி உள்ள ஏணியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. மேலே நிற்பதற்கு அகலமான தட்டும், முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. தட்டு இல்லாத, இருபுறமும் சரிந்து நிற்கும் ஏணியில் உச்சிப்படியிலும் அதற்கு அடுத்த படியிலும் ஏறி நிற்கக் கூடாது என்பதால், ஆறடி ஏணி வாங்கினாலும் நிற்கக் கிடைப்பது நான்கடிதான். இந்தக் கணக்கைப் போடாமல் விலை மலிவு என்பதற்காக எட்டடி ஏணியை வாங்கியவர்கள், அது கூடத்தில் விரியாமலும் லிஃப்டில் நுழையாமலும் தவிப்பதுண்டு. அவர்களேதான் பிறகு அதைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்பதும் உண்மை.

விற்பவர்கள் எப்போது விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. வீடு மாறும்போதே ஏணி கைமாறுகிறது. பள்ளித் தேர்வுகள் முடியும் ஏப்ரல், மே மாதங்களில் வெளியூருக்குப் போகிறவர்கள் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள் என்பதால், அவற்றுக்கு முந்தைய வாரங்களிலும், ஆவணியும் தையும் பிறந்தவுடனும் விளம்பரங்கள் கூடும். போகிக்கு முன்பு வீட்டைக் கழிக்கும்போதும் ஏணிகள் வெளியே வரும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே ‘நான்கு படி ஏணி யாரிடமாவது விற்பனைக்கு இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுவது முதல் வேலை. ஏணியை அங்கேயே பார்க்கலாம், தூக்கிவர வண்டி வேண்டாம், விற்பவர் தெரிந்தவர் என்பதால் மறைக்கவும் மாட்டார். அதற்குப் பிறகு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் ஆகியவற்றில் தேடலாம். ஆனால் சொந்தப் பகுதிக்கு மட்டும் தூரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரின் மறுகோடியிலிருந்து ஏணியை ஏற்றிவரக் குட்டி யானைக்குக் கொடுக்கும் வாடகை, மிச்சப்படுத்திய பணத்தை விழுங்கிவிடும்.

மூடப்படும் கடைகள் பலர் கவனிக்காத நல்ல இடம். துணிக்கடை, மருந்துக்கடை, புத்தகக் கடை ஆகியவற்றில் மேலடுக்கிலிருந்து சரக்கை எடுக்க உறுதியான ஏணிகள் இருக்கும். கடையைக் காலி செய்யும்போது அலமாரிகளோடு அவற்றையும் விற்றுவிடுவார்கள். பெயிண்டர்களிடமும் பந்தல் போடுபவர்களிடமும் கேட்டால் கிடைக்கும் என்றாலும், அவை நாள் முழுவதும் உழைத்த ஏணிகள் என்பதால் இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும். காயலான் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், உடைத்து எடைக்குப் போடாமல் எடுத்துவைப்பார். உடைந்ததனால் வந்ததா, வீடு காலி செய்ததனால் வந்ததா என்று அவருக்கே பெரும்பாலும் தெரியாது. அதை நம் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைப்பது போன்ற பழைய மர ஏணிகள் அழகானவை, செடித்தொட்டி வைக்கவும் துணி மாட்டவும் ஏற்றவை. ஆனால் பார்வைக்காக வாங்கும் ஏணியை ஏறுவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை இரண்டு எல்லைகள் போதும். மேல் எல்லை, அதே வகை ஏணியின் இன்றைய புது விலையில் பாதி. கடைகளிலும் இணையத்திலும் தள்ளுபடி போக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டே போக வேண்டும், ஏனென்றால் விற்பவர் தாம் வாங்கிய விலையையோ அட்டையில் அச்சிட்ட விலையையோ சொல்லுவார். கீழ் எல்லை, காயலான் கடையில் அலுமினியத்துக்கு அன்று கொடுக்கும் விலை. நான்கைந்து படி ஏணி ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகைக்குக் குறைவாகக் கேட்பதில் பயனில்லை. விற்பவருக்கு எடைக்குப் போடுவதே மேல். அலுமினியம் என்று சொல்லி இரும்பு ஏணிக்கு அலுமினிய விலை கேட்பவர்களும் உண்டு என்பதால், சிறு காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது.

ஏணியை நேரில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதலில் மடக்கிய நிலையில் தரையில் படுக்கவைத்து, ஒரு முனையிலிருந்து பக்கச் சட்டத்தின் நீளத்தை ஒரு கண்ணால் நோக்குங்கள். வளைவோ முறுக்கோ இருந்தால் உடனே தெரியும். பிறகு சமமான தரையில் விரித்து நிறுத்தி நான்கு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால், ரப்பர் தேய்ந்ததனாலா, சட்டமே முறுக்கிக்கொண்டதனாலா என்று பிரித்தறிய வேண்டும். ரப்பர் என்றால் அது பேரத்துக்கு உதவும் குறை. குழாயின் அளவைச் சொன்னால் ஹார்டுவேர் கடையில் புது ரப்பர் புஷ் கிடைக்கும். சட்டம் என்றால் விட்டுவிட வேண்டும். வளைந்த அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகுமே தவிர, வளைந்த இடத்தில் பழைய வலு திரும்பாது.

அடுத்து ஒவ்வொரு படியையும் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். படியைச் சட்டத்தோடு இணைக்கும் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால், அந்த ரிவெட் தளர்ந்து உராய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு ரிவெட் தளர்ந்து, துளை பெரிதாகாமல் இருந்தால் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். பல படிகள் ஆடினால் வேண்டாம். அலுமினிய ஏணியில் வெல்டிங் வைத்து ஒட்டிய தடம் தெரிந்தால் நான் ஒருபோதும் வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். ஏணிக்குப் பயன்படும் அலுமினியம் வெப்பப் பதப்படுத்தலால் உறுதி பெற்றது. வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் அந்த உறுதி குறைந்துவிடும். ஒட்டு பார்ப்பதற்குத் தடிமனாக இருந்தாலும் அதன் ஓரத்திலேயே பின்னர் முறியும்.

இரும்பு ஏணியில் பார்க்க வேண்டியது துரு. புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்கும் பழைய இரும்பு ஏணியை ஐயத்தோடு அணுகுங்கள்; சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று குழாயை உள்ளிருந்தே அரித்துவிடும். மொட்டை மாடியில் கிடந்த ஏணியின் அடிக்கால் குழாயில் மழைநீர் தேங்கியிருக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் ஏணி முடிந்துவிட்டது. மர ஏணிக்கும் இதே விதி பொருந்தும்: பெயிண்ட் அடித்த மரத்தில் வெடிப்பு தெரியாது, வார்னிஷ் மட்டும் பூசியதை வாங்கலாம். உளுத்த தூள் உதிரும் மூங்கில் ஏணியைத் தொட வேண்டாம். வெயிலில் கிடந்து நிறம் வெளுத்த பிளாஸ்டிக் ஸ்டூலும் அப்படியே. அது நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும்.

முன்காலையும் பின்காலையும் இணைத்து நிறுத்தும் பட்டை இருபுறமும் முழுமையாக நீண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கப் பட்டைக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தால் வேண்டாம். பல இடங்களில் மடங்கும் ஏணியாக இருந்தால் ஒவ்வொரு கீலையும் விரித்து, பூட்டு விழும் ஓசையைக் கேட்க வேண்டும். குழாய்க்குள் குழாயாக நீளும் டெலஸ்கோப்பிக் ஏணியைப் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதன் பூட்டுகள் உள்ளே மறைந்திருப்பதால் தேய்மானத்தை வெளியிலிருந்து அறிய வழியில்லை. கடைசியாக, பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடைத்தாங்கும் அளவைப் படித்து, வீட்டிலேயே எடை கூடியவரின் எடையோடு கையில் எடுக்கும் பொருளின் எடையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதல் படியில் மட்டும் ஏறி, எடையை இடமும் வலமும் மாற்றிப் பாருங்கள். தம் ஏணியில் ஏறிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

ஏணியைப் பார்ப்பதற்கு முன் முன்பணம் அனுப்பாதீர்கள். ‘ராணுவத்தில் இருக்கிறேன், அவசரமாக இடமாற்றம், பாதிப் பணம் போட்டால் பொருளை அனுப்பிவிடுகிறேன்’ என்பது விளம்பரத் தளங்களில் நெடுநாளாக நடக்கும் மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் படிகளில் ஒட்டிய பெயிண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்புநீரால் கழுவி, நான்கு ரப்பர்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஏணி ஆடும். சுவரில் சாய்க்கும் ஏணி என்றால், நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மாடிக்கு ஏறுவதானால் ஏணி விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும். விசிறியிலோ விளக்கிலோ கை வைக்குமுன் சுவிட்சை மட்டும் அல்லாமல் மெயினையே அணைத்துவிடுங்கள். மாடியருகே மின்கம்பி செல்லும் வீடுகளில் நீண்ட உலோக ஏணியை நிமிர்த்தித் தூக்கிச் செல்லவே கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர்த் தொட்டியை எட்டுவதற்காக மட்டும் பன்னிரண்டடி ஏணி தேவைப்படுகிறவர்கள், அதைச் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு நான்கு படி ஏணியை மட்டும் வாங்கினால் போதும்.