நாலு நூலும் 12 எம்.எம்.மும்: சின்னக் கடைக்கு சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்

சென்னை மண்ணடியில் போல்ட், நட்டு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் 23 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். முதலில் பேரேடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரத்தில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். அப்புறம் ஸ்டாக், கொள்முதல், பாக்கி எல்லாம் ஒரே இடத்தில் தெரிகிற மாதிரி இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கொண்டுவர முதல் தடவை முயன்றபோது பாதியில் நின்றுபோனது. தெருவில் யாராவது புதிதாக வாங்கப் போகிறேன் என்றால் நானே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லும் விஷயங்கள் இவை.

விற்க வருகிறவர் லேப்டாப்பைத் திறந்து கலர் கலராக ரிப்போர்ட் காட்டுவார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடையில் இருக்கிற சரக்குக்கு என்ன பெயர் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் என்றால் அரை இஞ்ச், அதாவது 12.7 எம்.எம். சரக்குப் பட்டியலை ஏற்ற வந்த பையன் "நாலு நூல்", "அரை இஞ்ச்", "12 எம்.எம்." மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரே ஐட்டமாகச் சேர்த்துவிட்டான். முதல் இரண்டும் ஒன்று, சரி. மூன்றாவது வேறு சாதி. அரை இஞ்சில் இஞ்சுக்கு 12 மரை, 12 எம்.எம்.மில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.75 எம்.எம். இடைவெளி. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்டையார்பேட்டைப் பட்டறை ஒன்றுக்கு அரை இஞ்ச் போல்ட்டும் 12 எம்.எம். நட்டும் போய்ச் சேர்ந்தன. நட்டு வாயிலேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே சாக்கு மூட்டைகள் மீன்பாடி வண்டியில் திரும்பி வந்தன. அதோடு குடோனில் யாருக்கும் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை இல்லாமல் போனது. அடுத்த எட்டு மாதம் பழைய நோட்டுதான் ஓடியது.

இரண்டாம் தடவை குடோன் அண்ணனோடு நானே உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரு ரேக். ஒரு நீள நோட்டில் நான்கு கட்டம்: அவர் சொல்லும் பெயர், கம்பெனி பில்லில் இருக்கும் பெயர், எச்.எஸ்.என். எண் (ஜி.எஸ்.டி.யில் சரக்கு எந்த வகை என்று காட்டும் எண்), அளவு (கிலோவா, எண்ணிக்கையா). போல்ட், நட்டுக்கு எண் 7318, அது சுலபம். மற்ற மூன்றுக்குத்தான் ஏழு வாரம் ஆனது. மூன்றாவது நாள் அண்ணன் கேட்டார்: "யம்மா, இதெல்லாம் உள்ள ஏத்திட்டா அப்பால நான் எதுக்கு?"

"பேரு வெக்கிறதே நீங்கதாண்ணே. நீங்க சரின்னு சொல்லாத பேரை நான் ஏத்த மாட்டேன்" என்றேன். அப்படியே செய்தேன். வேலை யாருக்கும் போகாது என்பதை மட்டும் முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது. வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: ஒரே ஐட்டத்துக்கு இரண்டாவது பெயர் போட முடியுமா, அந்தப் பெயரில் தேடினால் வருமா? வராது என்றால் குடோனில் அதைத் தொடமாட்டார்கள்.

அளவும் சிக்கல்தான். கிலோவில் வாங்குகிறோம், எண்ணிக்கையில் விற்கிறோம். ஒவ்வொரு சைஸிலும் 100 எண்ணித் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். அட்டவணையைப் பார்த்துப் போடாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி எடை மாறும்.

பழைய பாக்கியை மொத்தத் தொகையாக ஏற்றிவிடுகிறார்கள். அது வேண்டாம். பில் பில்லாக ஏற்றுங்கள். பார்ட்டி பணம் கொண்டுவந்து "தீபாவளி பில்லுக்கு வரவு வெச்சுக்கோங்க" என்று சொல்லும்போது அந்த பில் அங்கே இருக்க வேண்டும்.

ஸ்டாக் எண்ண ஞாயிற்றுக்கிழமை நல்லது, தெருவில் லாரி நிற்காது. மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி எதையும் தொடங்காதீர்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலையில் கவனம் சிதறும். பில் நம்பர் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது, ஒரே நிதியாண்டில் திரும்ப வரவும் கூடாது. இ-இன்வாய்ஸ், அதாவது அரசு தளத்தில் பதிந்து எண் வாங்கிப் போடும் பில், விஷயத்தில் நிறைய பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். 2017-18 முதல் ஏதாவது ஒரு வருடம் விற்பனை 5 கோடியைத் தாண்டியிருந்தாலே, இப்போது வியாபாரம் குறைந்திருந்தாலும், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்குப் போடும் பில்லுக்கு அது வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இதுதான் வரம்பு.

நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடுவது ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். அந்த மாதம் தினமும் கடை சாத்தும் முன் கல்லாவைச் சரி பாருங்கள், பத்து ஐட்டத்தைக் கையால் எண்ணுங்கள், ஐந்து பார்ட்டியின் பாக்கியை ஒப்பிடுங்கள். மாதக் கடைசியில் நோட்டைக் கட்டிப் பரணில் போடுங்கள். அதற்குப் பிறகு முதலாளியே ஆனாலும் "சரக்கைக் குடு, பில்லு அப்பால போட்டுக்கலாம்" என்று துண்டுச் சீட்டில் எழுதித் தரக் கூடாது. குறைந்தது டெலிவரி சலானாவது சிஸ்டத்தில் போட்டுவிட்டுத்தான் சரக்கு வாசலைத் தாண்ட வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, சண்டையே போட்டிருக்கிறேன்.

கடைசியாக பேக்கப். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி குடோனில் முழங்கால் தண்ணீர். கம்ப்யூட்டர் தரையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பென் டிரைவ் என்னோடு ராயபுரம் வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் சனிக்கிழமைக் கணக்கை மட்டும் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு தடவை அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நேற்றைய கடைசி பில் திறக்கிறதா என்று பாருங்கள்.